பத்துத் தடவைதான் துவைக்கலாம்!

ஒரு ஜவுளிக்கடைக்குப் போகிறீர்கள். ஜீன்ஸ் துணியில் தைத்த ஜாக்கெட் ஒன்றைக் கையில் எடுக்கிறீர்கள். துணி கெட்டி. தையல் சுத்தம். தொங்கும் சீட்டைத் திருப்பினால், விலை 22 ஆயிரம் ரூபாய்! நீங்கள் உட்கார இடம் தேடும்போது விற்பனையாளர் குனிந்து காதோடு சொல்கிறார்... ‘‘சார், ஒரு விஷயம். இதை மொத்தமே பத்துத் தடவைதான் துவைக்கலாம்!’’

வாங்குவீர்களா?

நம் ஊராக இருந்தால் கடைக்காரரை உட்காரவைத்து விசாரித்திருப்பார்கள். அமெரிக்காவில் வாங்கினார்கள். 2017-ம் வருடம் விற்பனைக்கு வந்த அந்த ஜாக்கெட்டின் விலை 350 டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு 22 ஆயிரத்துச் சொச்சம். தயாரித்தவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. ஒரு பக்கம், ஜீன்ஸ் என்றாலே ஞாபகத்துக்கு வரும் லெவிஸ். இன்னொரு பக்கம், கூகுள். சரி, யாருக்காகத் தயாரித்தார்கள்? சினிமா நட்சத்திரங்களுக்கா? இல்லை. சைக்கிளில் ஆபீஸ் போகிறவர்களுக்கு!

ஜாக்கெட்டின் இடது கைப்பட்டையில் நூலோடு நூலாக மின்சாரம் கடத்தும் இழைகளை நெய்திருந்தார்கள். அதிலேயே கழற்றி மாட்டும்படி ஒரு சின்னக் கருவி. செல்போனோடு ப்ளூடூத்தில் இணைத்துவிட்டால் போதும். சைக்கிளை ஓட்டிக்கொண்டே கைப்பட்டையை ஒரு தடவு தடவினால் பாட்டு மாறும். இரண்டு தட்டுத் தட்டினால் அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காதில் சொல்லும். போனைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். இந்தத் திட்டத்துக்கு ஜக்கார்டு என்று பெயர் வைத்தார்கள். காஞ்சிபுரம் தறிகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதே ஜக்கார்டு பெட்டி, அதைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரரின் அதே பெயர்!

எல்லாம் சரி, ஏறக்குறைய பத்துச் சலவைவரைதான் அந்த இழைகள் தாங்கும் என்று தயாரித்த தரப்பிலேயே சொல்லிவிட்டார்கள். சைக்கிள் மிதித்தால் வியர்க்குமே, துவைக்காமல் எப்படி என்று கேட்கிறீர்களா? லெவிஸின் அப்போதைய தலைவர் சிப் பெர்க் 2014-ல் ஒரு மாநாட்டு மேடையிலேயே, தான் போட்டிருக்கும் ஜீன்ஸ் ஒரு வருடமாக வாஷிங்மெஷினைப் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொன்னவர். தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் சொன்னார், நல்ல விஷயம். ஆனால் அந்தக் குடும்பத்துக்குத் துவைப்பது பெரிய பிரச்னையாகத் தெரியவில்லை என்பதும் உண்மை.

நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் மனதில் நின்றது இரண்டே சமாசாரம். ஒன்று, தேய்மானம். 350 டாலர் பொருள், ஆயுள் பத்துச் சலவை என்றால், ஒரு சலவைக்குத் தேய்மானம் 35 டாலர்! இரண்டாவது, ‘குட்வில்’. கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது. ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். இந்தக் கதை முழுக்க அந்த இரண்டும்தான் மாறி மாறி வரப்போகிறது.

என் அப்பாவும் சுமார் முப்பது வருடம் சைக்கிளில்தான் ஆபீஸ் போனார். சைக்கிளுக்கென்று அவரிடம் இருந்த ஒரே விசேஷ உடை, பேன்ட் கால் செயினில் மாட்டாமல் இருக்கக் கணுக்காலில் மாட்டிக்கொள்ளும் இரும்பு வளையம். அது காணாமல் போன நாட்களில் ரப்பர் பேண்ட். போகட்டும், அவர் காலத்தில் பாட்டை மாற்ற வேண்டுமென்றால் அவரே வேறு பாட்டை முணுமுணுத்துக்கொள்வார்.

இந்த ஜாக்கெட்டின் விலையைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. இந்தக் கம்பெனியின் ஜீன்ஸ் எதற்காகப் பிறந்தது தெரியுமா? கிழியக்கூடாது என்பதற்காக!

1870-ம் வருடக் கடைசி. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற சின்ன ஊர். ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரின் கடை வாசலில் ஒரு பெண் வந்து நிற்கிறார். அவருடைய கணவர் மரம் வெட்டுகிறவர். ஆள் நல்ல பருமன். எந்தப் பேன்ட் போட்டாலும் நாலு நாளில் கிழிந்துவிடுகிறது. ‘கிழியாத மாதிரி ஒன்று தைத்துக் கொடுங்கள்’ என்று கேட்டு 3 டாலரை முன்பணமாகவே கொடுத்துவிட்டார்.

டேவிஸ் ரஷ்யப் பேரரசிலிருந்த ரீகா நகரத்தில் பிறந்து பிழைக்க வந்தவர். கூடாரத் துணி, வண்டிக்கு மேல்மூடி, குதிரைப் போர்வை எல்லாம் தைப்பார். குதிரைப் போர்வையின் வார்களைப் பிடித்து நிறுத்த செம்பு ரிவிட் அடிப்பது வழக்கம். அந்த ரிவிட் மேஜைமேல் கிடந்தது. பேன்ட் எங்கே கிழிகிறது? பாக்கெட் ஓரத்தில், கை நுழைந்து நுழைந்து. அந்த ஓரத்தில் ஒரு ரிவிட் அடித்தால் என்ன?

அடித்தார். கிழியவில்லை!

விஷயம் பரவியது. 18 மாதத்தில் 200 பேன்ட் விற்றுத் தீர்ந்தது. டேவிஸுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பார்க்கிறவன் எல்லாம் காப்பியடிப்பானே! காப்புரிமை வாங்க வேண்டும். அதற்கான பணம் கட்டச் சொந்தக் காசு இல்லை. தனக்குத் துணி சப்ளை செய்துகொண்டிருந்த சான் ஃபிரான்சிஸ்கோ மொத்த வியாபாரிக்கு 1872-ல் ஒரு கடிதம் எழுதினார். எழுத்துப் பிழைகள் மலிந்த கடிதம். ‘செலவை நீங்கள் போடுங்கள், லாபத்தில் பங்கு தருகிறேன்.’ அந்த மொத்த வியாபாரி, பவேரியாவிலிருந்து வந்து குடியேறிய லெவி ஸ்ட்ராஸ். 1873 மே 20-ம் தேதி, 139,121 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. டேவிஸ் குடும்பத்தோடு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபோய் தயாரிப்பைப் பார்த்துக்கொண்டார். பேன்ட் மீது ஒட்டிய பெயர் மட்டும் ஸ்ட்ராஸுடையது. முதலாளி பெயர்தானே நிற்கும்!

அந்த 3 டாலர் பெரிய தொகையா? ரீனோவுக்குப் பக்கத்தில் வர்ஜினியா சிட்டி. அங்கே வெள்ளிச் சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளிக்கு அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி 4 டாலர், சங்கம் வைத்துப் போராடி வாங்கியது. ஆக, ஒரு நாள் கூலியில் ஒரு பேன்ட் வாங்கி, மிச்சத்தில் சாப்பிட்டும் விடலாம். அந்தக் கணக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

1886-ல் அந்தப் பேன்ட்டின் இடுப்பில் ஒரு தோல் பட்டை ஒட்டினார்கள். படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பேன்ட்டை இந்தப் பக்கம் ஒரு குதிரை, அந்தப் பக்கம் ஒரு குதிரை கட்டி இழுக்கிறது. கிழியவில்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத தொழிலாளிக்குக்கூடப் புரியும் விளம்பரம். அந்தப் பேன்ட்டுக்கு அப்போது ஜீன்ஸ் என்ற பெயர்கூடக் கிடையாது. ‘ஓவரால்ஸ்’ என்றுதான் சொன்னார்கள். சுரங்கம், ரயில்வே, மாட்டுப்பண்ணை... வேலைக்குப் போகிறவன் போடுவது. வேலையில்லாத நேரத்தில் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போக அவனே கூச்சப்பட்டிருப்பான்.

இதில் நமக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. இங்கிலீஷில் ‘டங்கரி’ என்கிறார்களே, அந்தச் சொல் மும்பையின் டோங்ரி பகுதியிலிருந்து போனது. அங்கே கிடைத்த முரட்டுப் பருத்தித் துணியை ஐரோப்பியக் கப்பல்கள் வாங்கிப் போயின. நீலச் சாயத்துக்கும் நம் நாட்டு அவுரிச் செடிக்கும் உள்ள உறவு ரொம்பப் பழையது. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து அவுரியின் தலையில் துண்டு போட்டது தனிக்கதை.

உழைப்பவன் உடையை உழைக்காதவன் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தது எப்போது? 1930-களில். பொருளாதார மந்தம். மாட்டுக்கறி விலை படுத்துவிட்டது. மேற்கு அமெரிக்காவின் பண்ணைக்காரர்கள் பார்த்தார்கள். மாட்டை வளர்ப்பதைவிட, மாடு மேய்ப்பதை வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் வாடகை வாங்குவது லாபம்! நியூயார்க், பாஸ்டன் பணக்காரர்கள் ரயிலேறி வந்து, ஒரு மாதம் பண்ணையில் தங்கி, குதிரை ஏறி, கௌபாய் வேஷம் போட்டுவிட்டுப் போவார்கள். பண்ணைக்கு ‘டியூட் ரான்ச்’ என்று பெயர். டியூட் என்றால் பட்டணத்து அப்பாவி. இப்போது நம்ம பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் ஆசையாக அப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், அர்த்தம் தெரிந்தால் என்ன செய்வார்களோ!

வேஷம் போட உடை வேண்டுமே? லெவிஸ் தயாராக இருந்தது. 1934-ல் பெண்களுக்கென்றே தனி ஜீன்ஸ் கொண்டுவந்தது. 1935-ல் ‘வோக்’ பத்திரிகையிலேயே ஜீன்ஸ் இடம்பிடித்துவிட்டது. பழைய கௌபாய்க்கு அது வேலை உடுப்பு. வந்த விருந்தாளிக்கு அது ஊருக்குத் திரும்பிப் போய் நண்பர்களிடம் காட்ட ஒரு ஞாபகப்பொருள். துணி ஒன்றுதான், ரிவிட் ஒன்றுதான். வாங்குகிற காரணம் மாறிவிட்டது. குட்வில் கணக்கு ஆரம்பமானது அங்கேதான்.

சைக்கிளுக்கு வருவோம்.

சைக்கிளும் ஆரம்பத்தில் பணக்காரர் விளையாட்டுச் சாமான்தான். 1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும் ‘சேஃப்டி’ சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். அவ்வளவுதான், 1890-களில் ஐரோப்பா, அமெரிக்கா இரண்டுக்கும் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. நல்ல அமெரிக்க சைக்கிள் 100 டாலர். மேலே பார்த்த சுரங்கத் தொழிலாளியின் 25 நாள் கூலி.

சைக்கிள் வந்தவுடன் சைக்கிள் உடையும் வந்தது. ஆனால் அன்றைக்கு அதில் ஒரு பிரிவினருக்கு உயிர்ப் பிரச்னை இருந்தது. பெண்களுக்கு. தரை கூட்டும் பாவாடையோடு பெடல் மிதித்தால் துணி சக்கரத்தில் சுற்றி, ஆளைத் தள்ளிவிடும். சரி, பேன்ட் மாதிரி போட்டுக்கொள்ளலாம் என்றால் தெருவில் கல்லெறியாத குறை. லண்டன் பிரிக்ஸ்டனைச் சேர்ந்த ஆலிஸ் பைகிரேவ் என்ற தையல்காரர் 1895-ல் ஒரு வேலை செய்தார். பாவாடைத் தையலுக்குள் கயிறும் கப்பியும் ஒளித்துவைத்தார். சைக்கிளில் ஏறும்போது கயிற்றை இழுத்தால் பாவாடை திரைச்சீலை மாதிரி மேலே ஏறும். இறங்கியதும் விட்டால் மறுபடி கால்வரை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பதற்குள் மரியாதைக்குரிய பெண்மணி! அதற்குக் காப்புரிமை வாங்கினார். யேகர் என்ற பிரபல உடைக் கம்பெனி அதைத் தயாரித்து விற்றது.

மறைக்கத் தெரியாத பெண்கள் பட்ட பாடு வேறு. 1898-ல் ஹார்பர்ட்டன் சீமாட்டி, சர்ரேயில் ஓக்கம் என்ற ஊருக்கு சைக்கிளில் போய், ஹோட்பாய் ஹோட்டலில் சாப்பிட உட்காரப் போனார். தொளதொள கால்சட்டை போட்டிருந்தார். ‘காபி அறையில் உங்களுக்கு இடமில்லை. வேண்டுமானால் ஆண்கள் குடிக்கிற பக்கம் போய் உட்காருங்கள்’ என்று சொல்லிவிட்டார் ஹோட்டல் பெண்மணி. சைக்கிள் பயணிகள் சங்கம் வழக்குப் போட்டது. 1899-ல் தீர்ப்பு. தோற்றுப்போனார்கள். ‘இடமே கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாதே, வேறு அறை கொடுத்தார்களே’ என்பது வாதம். உயர்குடிச் சீமாட்டிக்கே இந்தக் கதி.

நான் சொல்ல வந்தது, அந்த உடைக்கு விலை அதிகம் இருந்திருக்கலாம். ஆனால் அதை வாங்கிய பெண்ணுக்கு அதன் தேவை பொய் இல்லை. கயிறு இழுத்தால் பாவாடை ஏறியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பல் உடையும்.

அடுத்த காட்சிக்கு நியூயார்க் வர வேண்டும், எண்பது வருடம் தாண்டி. அதற்குள் அமெரிக்காவில் பெரியவர்கள் காருக்கு மாறி, சைக்கிள் குழந்தைகள் சமாசாரமாகிவிட்டது. பிழைப்புக்கு சைக்கிள் ஓட்டியவர்கள் ஒரு கூட்டம்தான். மெசஞ்சர்கள். வக்கீல் ஆபீஸிலிருந்து பேங்குக்கு, விளம்பர ஏஜென்ஸியிலிருந்து அச்சகத்துக்கு, ஒரு கவரை இருபது நிமிடத்தில் கொண்டு சேர்க்கிறவர்கள். மாதச் சம்பளம் கிடையாது. கவருக்கு இவ்வளவு என்று கமிஷன். அதனால் சிக்னலில் நிற்க மாட்டார்கள். ஜனங்கள் திட்டுவார்கள்.

1987-ல் மேயர் எட் காச் அதிரடியாக ஓர் உத்தரவு போட்டார். மன்ஹாட்டனின் மூன்று முக்கியமான சாலைகளில், வேலை நாட்களில், காலை 10 மணியிலிருந்து மாலை 4 வரை சைக்கிளே வரக்கூடாது! மெசஞ்சர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, சாலையை அடைத்துக்கொண்டு ஊர்வலமாக சைக்கிள் ஓட்டினார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். முறைப்படி அறிவிப்புக் கொடுக்கவில்லை என்று தடை செல்லாமல் போனது. ஜெயித்தார்கள். ஆனால் பாவம், அவர்கள் வயிற்றில் அடிக்கப்போவது மேயர் அல்ல, ஆபீஸ் மூலையில் உட்கார்ந்திருந்த ஃபேக்ஸ் மெஷின் என்பது அப்போது யாருக்குத் தெரியும்? பின்னாலேயே இமெயிலும் வந்தது.

அந்த மெசஞ்சர் உடம்பில் இருந்த ஒவ்வொன்றும் தேவையிலிருந்து வந்தது. தோளில் குறுக்காக மாட்டும் கான்வாஸ் பை, டெலிபோன் கம்பம் ஏறும் தொழிலாளிகளுக்காகத் தைத்த பையிலிருந்து பிறந்தது. வலது கால் பேன்ட் மட்டும் சுருட்டியிருக்கும், செயின் அந்தப் பக்கம். பின்பக்க இடுப்பில் ‘யு’ வடிவப் பூட்டு, நொடியில் எடுத்து சைக்கிளைப் பூட்டிவிட்டு லிஃப்ட்டுக்கு ஓட. சான் ஃபிரான்சிஸ்கோவில் ராப் ஹனிகட் என்ற மெசஞ்சர் 1989-ல் தானே பை தைத்து விற்க ஆரம்பித்தார். அதுதான் பிறகு ‘டிம்பக்2’ என்ற பெரிய பிராண்டானது. லேப்டாப்பைத் தவிர வேறெதையும் சுமக்காதவர்களும் அந்தப் பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டார்கள். உங்கள் வீட்டுப் பையனிடமும் ஒன்று இருந்திருக்கும்.

பார்த்தீர்களா... வேலை போகப் போக, வேலைக்காரனின் தோற்றத்துக்கு மவுசு கூடிக்கொண்டே வருகிறது!

2004-ல் லண்டனில் ராஃபா என்ற சைக்கிள் உடைக் கம்பெனி தொடங்கியது. ஆரம்பித்த சைமன் மாட்ராம் யார் தெரியுமா? நம்ம ஆள். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்! அப்புறம் பிராண்டுகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலுக்குப் போனவர். அந்தக் காலத்து ஐரோப்பிய சைக்கிள் பந்தய வீரர்கள் பெரும்பாலும் ஏழைக் குடியானவன் மகன், தொழிலாளி மகன். சேற்றிலும் மழையிலும் மலையேறி ரத்தம் கக்கியவர்கள். அந்த வேதனையின் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து, அழகான கம்பளிச் சட்டையோடு சேர்த்து விற்றார். வாங்கியவர்கள் வங்கி அதிகாரிகள், வக்கீல்கள். ஒரு அக்கவுன்டன்ட்டால்தான் குட்வில்லை இவ்வளவு துல்லியமாகத் தைக்க முடியும் என்று எனக்குப் பொறாமைதான்.

2011-ல் லெவிஸ் களத்தில் இறங்கியது. ‘கம்யூட்டர்’ என்று சைக்கிள்காரர்களுக்கே தனி ஜீன்ஸ். விலை 78 டாலர். பூட்டை மாட்ட இடுப்பில் தனி வளையம். காலைச் சுருட்டினால் உள்பக்கம் இருட்டில் மின்னும் பட்டை. குனிந்து ஓட்டும்போது முதுகு தெரியாமல் இருக்கப் பின்பக்கம் கொஞ்சம் உயரம். உட்காரும் இடத்தில் கூடுதல் வலு.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்து லெவிஸ் பேன்ட்டில் கவட்டிலேயே ஒரு ரிவிட் இருந்தது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க எடுத்துவிட்டார்கள். கம்பெனியில் இன்னொரு கதையும் சொல்வதுண்டு. தலைவர் வால்டர் ஹாஸ் ஒருமுறை காட்டில் நெருப்பு மூட்டிக் குளிர்காய உட்கார்ந்தாராம். ரிவிட் சூடேறி, சுட வேண்டிய இடத்தில் சுட்டதாம். ‘எடுத்துவிடு அதை!’ எப்படியோ, எடுத்த இடத்தில் எழுபது வருடம் கழித்து மறுபடி வலு சேர்த்து, புதுமை என்று விற்றார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அந்த ஜீன்ஸில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மின்னும் பட்டை ஓர் உயிரைக் காப்பாற்றினால் 78 டாலர் மலிவு. சைக்கிள் சீட்டில் உரசி உரசி ஜீன்ஸ் கிழிவதும் நிஜம். 2017 ஜாக்கெட்டில்தான் தடம் புரண்டது. பாட்டு மாறவில்லை என்பதற்காக எந்த சைக்கிள்காரரும் பல்லை உடைத்துக்கொண்டதில்லை.

அதே நியூயார்க்கில் தினமும் சைக்கிளில் போன ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பில் கன்னிங்ஹாம். ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையின் புகைப்படக்காரர். தெருவில் போகிறவர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று படம் பிடிப்பதே அவர் வேலை. உலகத்தின் மிக விலையுயர்ந்த உடைகளைப் பார்த்த கண். அவர் போட்டது என்ன? பிரான்ஸில் தெருக் கூட்டுகிறவர்கள் போடும் நீலச் சட்டை. பாரீஸில் ஒரு கடையின் இரும்புச் சாமான் பகுதியில் 20 டாலர் அளவுக்கு வாங்குவாராம். ஏன் அது? நிறைய பாக்கெட். ஃபிலிம் சுருள் போட்டுக்கொள்ளலாம். கழுத்தில் தொங்கும் கேமரா உரசி உரசித் துணி தேய்ந்தால் கவலையில்லை, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். மழைக்கோட்டு கிழிந்தால் பிளாஸ்டர் டேப் ஒட்டிக்கொள்வார். அவரிடமிருந்து 28 சைக்கிள்கள் திருடுபோயின. 29-வதில் போய்க்கொண்டிருந்தார். பேஷன் உலகமே அவர் கேமரா தன் பக்கம் திரும்பாதா என்று ஏங்கியது. 2016-ல் 87 வயதில் இறந்தார். அந்த நீலச் சட்டையைப் பெரிய டிசைனர்கள் இன்று நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள். பாக்கெட்டில் ஃபிலிம் சுருள் எல்லாம் கிடையாது.

மறுபடி 2017-க்கு வாருங்கள். அந்த ஒரே வருடத்தில் என்னவெல்லாம் நடந்தது பாருங்கள்.

ஏப்ரல் மாதம். நார்ட்ஸ்ட்ராம் என்ற பெரிய கடை 425 டாலருக்கு ஒரு ஜீன்ஸ் விற்பது செய்தியானது. அதன் விசேஷம், காலெல்லாம் சேறு. நிஜச் சேறு இல்லை, சேறு மாதிரி காய்ந்து ஒட்டியிருக்கும் பூச்சு! கஷ்டமான தொழில் செய்கிறவர்களைப் பற்றி டி.வி. நிகழ்ச்சி நடத்திய மைக் ரோ கொதித்துப்போனார். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து சேறானவன் குளித்துத் துவைத்துவிட்டுத்தானே வீட்டுக்குள் போகிறான்?

ஆகஸ்ட் மாதம். ராஃபா கைமாறியது. விலை 20 கோடி பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. வாங்கியவர்கள், சாம் வால்டனின் இரண்டு பேரன்கள். ‘எதிலும் மலிவு’ என்று கடை நடத்திக் கோடீஸ்வரரான வால்மார்ட் ஸ்தாபகரின் பேரன்கள்!

இலையுதிர் காலத்தில் கூகுள் ஜாக்கெட் கடைக்கு வந்தது.

டிசம்பர் 31. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரத்தில் கோன் மில்ஸின் ‘ஒயிட் ஓக்’ ஆலை மூடப்பட்டது. 1905-லிருந்து ஓடிய ஆலை. லெவிஸுக்குத் தலைமுறைகளாக டெனிம் நெய்து கொடுத்த ஆலை. 1940-கள் காலத்துப் பழைய தறிகள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. தறி ஆட ஆட, மரத் தரையும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டத்தில்தான் துணிக்குத் தனி குணம் வருகிறது என்று ஜீன்ஸ் பைத்தியங்கள் சத்தியம் செய்வார்கள். நன்றாகத்தானே பேர் இருந்தது, ஏன் மூடினார்கள்? ஆர்டர் போதவில்லை. பெரிய வாங்குகிறவர்கள் எல்லாம் வெளிநாட்டுத் துணிக்குப் போய்விட்டார்கள். லெவிஸேகூட அமெரிக்காவில் இருந்த தன் கடைசி சொந்தத் தையல் தொழிற்சாலையை 2004-லேயே மூடிவிட்டது. ஒயிட் ஓக்கில் சுமார் 200 பேர் வேலை இழந்தார்கள். ஜக்கார்டு என்ற நெசவாளி பெயரில் செய்த ஜாக்கெட் கடையில் தொங்குகிறது. நெசவாளிகள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே வருகிறார்கள்.

ஞாபகம் வைக்கச் சொன்ன கணக்கை இப்போது எடுங்கள். ரீனோ பேன்ட், சுரங்கத் தொழிலாளியின் ஒரு நாள் கூலிக்கும் குறைவு. 2017-ல் அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்திருந்த குறைந்தபட்சக் கூலி, மணிக்கு ஏழேகால் டாலர். 350 டாலர் சம்பாதிக்க 48 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். எட்டு மணி நேர வேலை என்றால் ஆறு முழு நாள். அந்த ஆறு நாளும் அவர் சாப்பிடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட் வாங்கலாம்.

அவர் வாங்கமாட்டார், அவருக்காகச் செய்ததும் இல்லை என்பீர்கள். சரிதான். ஆனால் நியூயார்க்கில் இன்றைக்கும் பிழைப்புக்காக சைக்கிள் மிதிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஜேக்கப் டேவிஸ் மாதிரி, லெவி ஸ்ட்ராஸ் மாதிரி. பனியில் கை விறைக்காமலிருக்க ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு போகிறவர்களைப் படங்களில் பார்க்கிறோம். அவர்கள் வீட்டுப் பெண் யாராவது 3 டாலரோடு போய், ‘இது கிழியாமல், நனையாமல் இருக்கிற மாதிரி ஒன்று தைத்துக் கொடுங்கள்’ என்று கேட்க, பக்கத்தில் ஒரு தையல் கடை இருக்கிறதா?

அந்த ஜாக்கெட் என்ன ஆனது? 2019-ல் இரண்டாவது பதிப்பு வந்தது. விலை 198 டாலராக இறங்கியது. சைக்கிள்காரர்களுக்கு மட்டும் என்ற பேச்சையும் விட்டுவிட்டார்கள், எல்லோருக்கும் என்றார்கள். எல்லோரும் வரவில்லை. ஜாக்கெட் வேலை செய்ய செல்போனில் ஒரு செயலி வேண்டும். 2023 ஏப்ரலில் கூகுள் அந்தச் செயலியை நிறுத்தியது. அன்றைக்கு எல்லா ஜாக்கெட்டின் கைப்பட்டையும் செத்துப்போனது. தடவினாலும் தட்டினாலும் ஒன்றும் நடக்காது.

மிச்சமிருப்பது வெறும் டெனிம் ஜாக்கெட். இனி அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் துவைக்கலாம்.